யானைக்கு ஆயிரம் பொன், திமிங்கலத்துக்கு எத்தனை?

(கேரள-தமிழ்நாடு எல்லையில் கேரளப் பக்கம் உள்ள பொழியூரில் ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியது)

மேடையில் இருக்கும் மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே, ஒரு கல்யாணப் பந்தியைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் வாசகசாலைச் செயலாளர் அவர்களே, நீரோடியிலிருந்து எல்லை தாண்டி நடந்தே வந்த பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம். பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். வணக்கத்துக்கே இரண்டு போயிற்று.

அரபிக்கடல் கூன்முதுகுத் திமிங்கலத்தைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: எண்ணிக்கை, சட்டம், கப்பல் இரைச்சல்.

மற்றக் கடல்களின் கூன்முதுகுகள் குளிர்கடலுக்கும் வெப்பக்கடலுக்குமாக வலசை போகும். நம்முடையது போகாது. வருடம் முழுக்க இந்தக் கடலிலேயே இரை, இங்கேயே குட்டி. சுமார் 70,000 வருடமாக மற்றக் கூட்டங்களோடு சம்பந்தம் வைக்கவில்லை. 1966-ல் சோவியத் வேட்டைக் கப்பல்கள் இருநூறுக்கு மேல் கொன்றன. பிற்பாடு ஓமன் கரையில் கணக்கெடுத்தால் நூறுகூடத் தேறவில்லை. 2008 முதல் உலகச் சிவப்புப் பட்டியலில் அது அழியும் ஆபத்தில் உள்ள கூட்டம்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். திமிங்கலம் அதையும் மிஞ்சியது; வயிற்றிலிருந்து தள்ளியதற்கே கோடி! 2022-ல் விழிஞ்ஞத்து ஆட்கள் 28 கிலோ அம்பர்கிரிஸை, அதாவது வாசனைத் திரவியத்துக்கு விலைபோகும் அந்த வயிற்றுக் கட்டியை, கடலோரப் போலீசிடம் ஒப்படைத்தார்களே, அதைச் சொல்கிறேன். அது எண்ணெய்த் திமிங்கலத்தின் சரக்கு, வேறு இனம். ஆனால் அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து என் அத்தான் ஒருவர் விடியற்காலையில் கரையில் நடக்க ஆரம்பித்தார். டாக்டர் சொன்னபோது நடக்காதவர்! ஒருநாள் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி கிடைத்தது. துண்டில் சுற்றி, அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தார். மூன்றாம் நாள் நாற்றம் தாங்காமல் அக்காள் கேட்டாள், "எலி செத்துக் கிடக்கா?" இவர் மெதுவாக, "கோடி ரூபாய்டி, சத்தம் போடாதே" என்றார். அக்காள் ஊசியைச் சுட்டுக் குத்திப் பார்த்தாள். அழுக்கு மெழுகு. அந்த அரிசியை இரண்டு வாரம் அத்தான் மட்டும் சாப்பிட்டார். நல்லவேளை, மெழுகு. நிஜமாக இருந்தால், அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்று வனத்துறை வந்திருக்கும்.

சரி, கூன்முதுகுக்கு வருவோம். 2017 நவம்பரில் ஓமனில் லுபான் என்ற பெண் திமிங்கலத்தின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். அது அரபிக்கடலைத் தாண்டி கோவாவுக்குத் தெற்கே வந்து, நம் கரை வழியாக, குமரி முனையைச் சுற்றி மன்னார் வளைகுடா வரை போனது. அது போகும் பாதை ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

அதே நவம்பர் கடைசியில்தான் ஒக்கி புயல். தங்கலுக்கு, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போன நம் படகுகள் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தூத்தூரிலும் வள்ளவிளையிலும் பூந்துறையிலும் பெண்கள் கரையில் உட்கார்ந்து கேட்டது ஒன்றுதான்: "எங்கே இருக்காங்க?" திமிங்கலத்தின் முதுகில் இருந்த கருவி நம் படகில் இல்லை. திமிங்கலத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அதற்குக் கொடுத்தது சரிதான். ஆனால் யானை இருந்தாலும் ஆயிரம் பொன் என்றால், நம் ஆள் இறந்தபின்தானே இருபது லட்சம் தந்தார்கள்? இருக்கும்போது ஒரு கருவி தர வேண்டாமா?

ஆழ்கடல் போகும் எல்லாப் படகுக்கும் செயற்கைக்கோள் கருவி வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவா, கேரளப் பதிவா என்று பிரிக்கக் கூடாது. திமிங்கலம் வலையில் சிக்கினாலும் அந்த இடத்திலிருந்தே தகவல் சொல்லலாம். அதை விடுவிக்க அறுத்துவிடும் வலைக்கு நஷ்டஈடும் வேண்டும்.

சட்டமும் இரைச்சலும் பாக்கி. தலைவர் மணி அடித்துவிட்டார். வாசலில் மனு இருக்கிறது, இரண்டு அரசுகளுக்கும் தனித்தனி. இரண்டிலும் கையெழுத்துப் போடுங்கள்.