சிரிச்சுப் பேசுனா வலி இல்லன்னு அர்த்தமா? – உங்க சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. சிங்கப்பூர் ஈஷூன்லேர்ந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க, கொஞ்சம் பெருசு, சுருக்கி படிக்கிறேன். "அக்கா, அம்மாவுக்கு 71 வயசு, முட்டி மாத்துற ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது நாள். மிஸ்ஸி, அதான் நர்ஸ், வந்து வலி 0லேர்ந்து 10க்குள்ள எவ்ளோன்னு கேட்டா 8ன்னாங்க. ஆனா அந்த நேரம் பேரன்கூட வீடியோ கால்ல சிரிச்சு பேசிட்டிருந்தாங்க. மிஸ்ஸி அதப் பாத்துட்டு பனடோல், அதான் பாராசிட்டமால் மாத்திரை, மட்டும் குடுத்துட்டு போயிட்டாங்க. அம்மா பொய் சொல்றாங்கன்னு நெனைக்கிறாங்களா? மார்ஃபின் மாதிரி ஸ்ட்ராங்கான வலி மருந்து கேட்டா பழக்கமாயிடுமா?"

நல்ல கேள்விமா. வார்டுல வேலை பாத்தவங்கிற முறையில சொல்றேன், இது உங்க அம்மாவுக்கு மட்டும் நடக்கறது இல்ல. 1987ல பெட்டி ஃபெரல், மார்கோ மெக்காஃப்ரின்னு அமெரிக்காவுல ரெண்டு நர்ஸுங்க சேர்ந்து, வலியப் பத்தி நர்ஸுங்களுக்கு என்ன தெரியும், என்ன நெனைக்கிறாங்கன்னு பாக்க ஒரு கேள்வித்தாள் தயார் பண்ணாங்க, இன்னிக்கும் பல நாட்டுல அத வச்சுதான் டெஸ்ட் பண்றாங்க. அதோட கடைசியில ரெண்டு பேஷண்ட் கதை வரும். ரெண்டு பேருக்கும் 25 வயசு, வயித்துல ஆபரேஷன் ஆகி மறுநாள், ரெண்டு பேருக்கும் பிரஷர், பல்ஸ் எல்லாம் ஒரே அளவு, ரெண்டு பேருமே வலி 8ங்கறாங்க. ஒருத்தர் பாக்க வந்தவங்களோட ஜோக் அடிச்சு சிரிக்கிறாரு, இன்னொருத்தர் சத்தமில்லாம படுத்திருக்காரு, திரும்பும்போது மூஞ்சி சுளிக்கிறாரு. சரி, நீங்க சார்ட்டுல எவ்ளோ எழுதுவீங்க? ரெண்டுக்கும் 8தான் சரியான பதில். ஆனா எங்க டெஸ்ட் வச்சாலும் சிரிக்கிறவருக்கு கொறச்சு எழுதுற நர்ஸுங்க நெறைய பேரு இருக்காங்க. படிச்சவங்கதான், அனுபவம் உள்ளவங்கதான், ஆனா கண்ணு பாக்கறத மனசு நம்பிடுது பாருங்க.

பேஷண்ட் எவ்ளோன்னு சொல்றாங்களோ அதுதான் வலி, 1968லயே மெக்காஃப்ரி இதத்தான் சொன்னாங்க, நர்ஸிங் படிக்கும்போது எல்லாரும் மனப்பாடம் பண்றதுதான். பேரன் மூஞ்சியப் பாத்தா கவனம் அங்க போகும், அதுக்காக முட்டியில வலி போயிடுச்சுன்னு இல்ல. நல்லா பாருங்க, அம்மா சிரிக்கும்போது அந்தக் கால அசைச்சாங்களா? தலகாணி மேல வச்சது வச்சபடி இருந்திருக்கும். சில பேரு கடுமையான வலியிலயும் அசதியில தூங்கிடுவாங்க, உடனே தூங்குறாங்க வலி இல்லன்னு எழுதிடுறது. பிரஷர் நார்மலா இருக்கேன்னு சொல்றதும் அப்படித்தான், ரொம்ப நேரமா வலி இருந்தா உடம்பு அதுக்கு பழகி ரீடிங் நார்மலாவே காட்டலாம்.

ஆனா மிஸ்ஸியையும் சும்மா திட்டக் கூடாது லா. டாக்டர் ஆர்டர் இல்லாம அவங்களால ஒண்ணும் குடுக்க முடியாது, மார்ஃபின்லாம் பூட்டி வச்ச மருந்து, எடுத்தா கணக்கு எழுதணும். அம்மாவுக்கு 71 வயசு வேற, கிட்னி கொஞ்சம் வீக்கா இருந்தா மார்ஃபினோட மிச்சம் உடம்புலயே தங்கிடும், மூச்சு கொறஞ்சிடுமோன்னு பயம் இருக்கும். அந்தப் பயம் நியாயம்தான். அதுக்குத்தான் கொஞ்சமா ஆரம்பிச்சு, மயக்கம் எவ்ளோ இருக்குன்னு அடிக்கடி செக் பண்றது. பொதுவா மூச்சு கொறையறதுக்கு முன்னாடியே ஆளு ரொம்ப தூங்கி வழிய ஆரம்பிச்சிடுவாங்க, அதக் கவனிச்சா முன்னாடியே நிறுத்திடலாம், மார்ஃபின் வேகத்த முறிக்கிற மருந்தும் இருக்கு, நலாக்சோன்னு பேரு. பயந்து குடுக்காம விட்டா அம்மா நடக்க மாட்டாங்க, ஆழமா மூச்சு விட மாட்டாங்க, கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையுற பிரச்சனை வரலாம்.

பழக்கமாயிடுமான்னா, ஆபரேஷனுக்கு அப்புறம் சில நாள் கண்காணிப்புல எடுத்துக்குறதால அடிமையாகுற வாய்ப்பு கம்மி. சுத்தமா இல்லன்னு சொல்லல, வீட்டுக்கு வந்து மாசக்கணக்குல தானா வாங்கிப் போட்டா அது வேற கதை. எனக்குத் தெரிஞ்சு நம்ம ஆளுங்களுக்கு இதுல வர்ற பெரிய தொந்தரவு மலச்சிக்கல்தான், அதுக்கு மருந்து சேத்தே கேட்டு வாங்கிடுங்க.

இப்ப நீங்க என்ன பண்ணலாம்னா, மிஸ்ஸிகிட்ட வெறும் 8ன்னு சொல்லாதீங்க. சும்மா படுத்திருக்கும்போது எவ்ளோ, டாய்லெட்டுக்கு எழுந்திரிக்கும்போது எவ்ளோன்னு ரெண்டா பிரிச்சு அம்மாவையே சொல்லச் சொல்லுங்க, படுக்கையில 3, நடந்தா 8ன்னா அவங்களுக்கு உடனே புரிஞ்சிடும். நடக்கப் பயிற்சி குடுக்குற பிசியோ எத்தன மணிக்கு வருவாங்கன்னு கேட்டு, அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மாத்திரை குடுக்க முடியுமான்னு கேளுங்க. குடுத்த பிறகு திரும்ப வந்து கேக்கலன்னா நீங்களே மணி அடிங்க, தப்பே இல்ல. பனடோல் போட்டும் கொறையலன்னா டாக்டர்கிட்ட பேசச் சொல்லுங்க, ராத்திரியா இருந்தாலும் டியூட்டி டாக்டர் இருப்பாரு. அப்புறம் ஒண்ணு, சில பேருக்கு பட்டன் அமுக்குற மார்ஃபின் மெஷின் மாட்டியிருப்பாங்க, அத பேஷண்ட் மட்டும்தான் அமுக்கணும், அம்மா தூங்கும்போது பாவமேன்னு நீங்க அமுக்கிடாதீங்க, தூங்குறவங்களுக்கு மேல மேல மருந்து ஏறுனா அதுதான் ஆபத்து.

சரிமா, அடுத்து சுகர் மாத்திரையப் பத்தி ஒரு அண்ணன் கேட்டிருக்காரு, அதப் பாப்போம்.