நள்ளிரவில் கதவைத் தட்டியவர்கள்

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணியினருக்கும், மைதானம் நிறைய உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். மரண தண்டனையை ஒழிக்கப் பாடுபடுகிறவர்கள் காப்பாற்றுவது மனித உயிரையா, கொலைகாரனையா என்பது தலைப்பு. மனித உயிரைத்தான் என்று பேச வந்திருக்கிறேன். கையில் ஒரு கட்டுக் குறிப்பு கொண்டுவந்தேன். அதை இப்போது மடித்து வைத்துவிட்டேன். காரணம், எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன்.

அண்ணன் என்ன கேட்டார்? "ஊர் உறங்குகிற நேரத்தில் நீதிபதி வீட்டுக் கதவைத் தட்டுகிற இந்த மனித உரிமைக்காரர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர் வீட்டுக் கதவை ஒரு நாளாவது தட்டியதுண்டா?" நீங்களும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். தட்டத்தான் செய்வீர்கள். வலியிலிருந்து வருகிற கேள்வி அது. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு நான் இறங்கப் போவதில்லை.

தட்டினார்கள் அண்ணே. நடுராத்திரியில்தான் தட்டினார்கள். எந்த ராத்திரி, யாருக்காக என்று நீங்கள் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

தில்லிக்குப் பக்கத்தில் நொய்டா. அங்கே நிதாரி என்று ஒரு கிராமம். 2006 டிசம்பர் கடைசி. ஒரு பங்களாவுக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் எலும்பும் மண்டை ஓடும் கிடைத்தன. எல்லாம் குழந்தைகளும் இளம் பெண்களும். கூலி வேலை பார்க்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் பெற்ற பிள்ளைகள். பிள்ளையைக் காணோம் என்று பெற்றோர்கள் எத்தனையோ மாதமாகக் காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்திருக்கிறார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. எலும்பு வந்த பிறகுதான் எல்லாருக்கும் காது கேட்டது.

அந்த வீட்டு முதலாளியையும் வேலைக்காரரையும் பிடித்தார்கள். நாடு கொதித்தது. தூக்கில் போடு என்று தெருவெல்லாம் குரல். வேலைக்காரர் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துவிட்டார் என்றார்கள். விசாரணை நீதிமன்றம் தூக்கு என்றது. உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் இரண்டும் அதை உறுதி செய்தன. 2014இல் குடியரசுத் தலைவர் கருணை மனுவை நிராகரித்தார். மீரட் சிறைக்குக் கொண்டுபோனார்கள். கயிறு தயார்.

இப்போது வருகிறது அண்ணன் சொன்ன அந்த ராத்திரி. 2014 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங்கும் இன்னும் சிலரும் உச்ச நீதிமன்ற நீதிபதியின் வீட்டுக்குப் போகிறார்கள். அவர்கள் என்ன கேட்டார்கள்? அவரை விட்டுவிடுங்கள் என்றா கேட்டார்கள்? இல்லை. தூக்குக் கைதியின் மறுசீராய்வு மனுவை, அதாவது தீர்ப்பை மறுபடி பாருங்கள் என்று கேட்கிற மனுவை, திறந்த நீதிமன்றத்தில் வாதம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அதே உச்ச நீதிமன்றம் அந்த மாதம் 2ஆம் தேதிதான் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்த உரிமை இவருக்கும் உண்டே, ஒரு தடவை கேளுங்கள் என்றார்கள். அவ்வளவுதான். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. தடை கிடைத்தது. எத்தனை நாளுக்கு? ஒரே ஒரு வாரத்துக்கு!

மறுநாள் தொலைக்காட்சியில் அண்ணன் மாதிரியே பலர் கேட்டார்கள். இந்த மிருகத்துக்காகவா நடுராத்திரியில் நீதிபதியை எழுப்பினீர்கள்?

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். 2015 ஜனவரியில், கருணை மனுவை முடிவு செய்ய எடுத்துக்கொண்ட தாமதத்துக்காக, அலகாபாத் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2023 அக்டோபரில் அதே உயர் நீதிமன்றம் பன்னிரண்டு வழக்குகளில் அவரை விடுதலை செய்தது. அறுபது நாள் போலீஸ் காவலில் வைத்து, சட்ட உதவி இல்லாமல் வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. மிச்சம் ஒரே ஒரு வழக்கு. எந்த வழக்கில் மீரட்டில் கயிறு தயாரானதோ அதே வழக்கு. 2025 நவம்பர் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதிலும் அவரை விடுதலை செய்தது.

கை தட்டாதீர்கள். இன்னும் ஒரு தடவை சொல்கிறேன். இந்தத் தடவை அந்தக் கதவு திறக்கவில்லை என்று வைத்துச் சொல்கிறேன்.

வழக்கறிஞர்கள் போகிறார்கள். காலையில் வாருங்கள் என்று வாசலிலேயே யாரோ சொல்லிவிடுகிறார்கள். அந்த வாரத்திலேயே மீரட்டில் வேலை முடிகிறது. நாம் எல்லாரும் நிம்மதியாகப் பெருமூச்சு விடுகிறோம். 2023இல் தீர்ப்பு இல்லை, 2025இல் தீர்ப்பு இல்லை. அறுபது நாள் காவல் பற்றி யாரும் பேசப் போவதில்லை. உச்ச நீதிமன்றம் வரைக்கும் உறுதி செய்த வழக்கு, இதில் சந்தேகம் என்ன என்று இன்றைக்கு இதே மேடையில் அண்ணன் அதையே உதாரணமாகக் காட்டியிருப்பார். எனக்கும் பதில் இருந்திருக்காது.

அண்ணே, கேள்வியின் மறுபாதிக்கு வருகிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர் வீட்டுக் கதவு. அந்தத் தாய் தகப்பன்களுக்கு இன்றைக்கு யார் பதில் சொல்வது? உண்மையான குற்றவாளி யார் என்பது சட்டம் ஏற்கும்படி நிறுவப்படவே இல்லை என்று உச்ச நீதிமன்றமே வருத்தத்தோடு எழுதியிருக்கிறது. பத்தொன்பது வருஷம் போய்விட்டது. கையில் கிடைத்த ஒரு ஏழையைத் தூக்குமேடை வரைக்கும் கொண்டுபோனதால், வேறு எதையும் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. மகளைக் கொன்றவனுக்குத் தண்டனை வாங்கித் தந்துவிட்டோம் என்று அந்தத் தாயிடம் ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பப் பார்த்தார்களே, அந்தப் பொய்யை நிறுத்தியவர்கள்தான் அந்த ராத்திரி போனவர்கள். பறிகொடுத்தவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கதவைத் தட்டினார்கள்!

இப்போது தட்டுங்கள் கையை.

எதிரணிச் சகோதரி மனுநீதிச் சோழனை அழைத்து வந்தார். கன்றுக்காக மகனையே தேர்க்காலில் இட்டவன் ஆண்ட மண் என்றார். சரி, நான் பாண்டியனை அழைத்து வருகிறேன். ஒரு சிலம்பு, ஒரு பொற்கொல்லன் பேச்சு, விசாரிக்காமல் ஒரு கொலைத் தண்டனை. தப்பு என்று தெரிந்த அந்த நிமிஷமே சிங்காசனத்திலேயே உயிரை விட்டான். அந்த நேர்மைக்காகத்தான் அவனை இன்னும் மன்னன் என்கிறோம். இன்றைக்கு நிலைமை என்ன? 2009இல் உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பு ஒன்றைச் சட்டத்துக்கு முரணானது என்று தானே சொன்னது. குற்றத்தை மட்டும் பார்த்து, குற்றவாளியின் சூழ்நிலையைப் பார்க்காமல் கொடுத்த தூக்கு அது. ஆனால் அதில் தண்டிக்கப்பட்டவரை 1996லேயே தூக்கிலிட்டு முடித்திருந்தார்கள். அதே தீர்ப்பை நம்பி இன்னொருவருக்குக் கொடுத்த தூக்கை 1997இல் நிறைவேற்றியிருந்தார்கள். 2012இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் பதினான்கு பேர் குடியரசுத் தலைவருக்கு இதை எழுதினார்கள். அந்த இரண்டு உயிருக்கு யார் பதில் சொன்னார்கள்? யாரும் இல்லை.

உத்தரப் பிரதேசத்தில் ஒரு வழக்கு. மூன்று பேர். ஒரே குற்றம், ஒரே பங்கு, ஒரே தீர்ப்பில் மூவருக்கும் தூக்கு. மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றம் போகிறார்கள், தனித்தனி அமர்வு. ஒருவர் மனு 1976இல் தள்ளுபடி. இன்னொருவருக்கு 1977இல் ஆயுளாகக் குறைந்தது. மூன்றாமவர் மனு 1978இல் தள்ளுபடி. 1981 அக்டோபர் 6ஆம் தேதி முதலாமவருக்கும் மூன்றாமவருக்கும் ஒரே நாளில் தூக்கு. மூன்றாமவர் கடைசி நேரத்தில் இன்னொரு மனு போட்டார். கூட்டாளிக்குக் குறைத்தீர்களே, எனக்கு மட்டும் ஏன் என்று கேட்டார். தடை கிடைத்தது. 1982இல் உச்ச நீதிமன்றமே இவர் தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. முதலாமவர்? அவருக்கு யாரும் மனு போடவில்லை. அன்று காலையே தூக்கிலிட்டுவிட்டார்கள். மனு எழுதிப் போட ஆள் இருந்தால் உயிர், இல்லாவிட்டால் சாவு. அந்த மனுவை எழுதுகிறவர்களைத்தான் அண்ணன் கொலைகாரனுக்குச் சொந்தக்காரர்கள் என்கிறார்.

அம்பேத்கர் 1949இல் அரசியல் நிர்ணய சபையிலேயே மரண தண்டனையை ஒழிப்பதைத்தான் ஆதரிப்பேன் என்று பேசினார். அவரும் கொலைகாரனுக்குச் சொந்தக்காரரா?

நடுவர் மணியில் கை வைக்கிறார். ஐயா, ஒரு தாயைப் பற்றிச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

ஜோலார்பேட்டை அற்புதம்மாள். 1991 ஜூனில் விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று பத்தொன்பது வயது மகனைக் கூட்டிப் போனார்கள். 1998இல் தூக்கு என்றார்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கு அது. ஒரே நாளில் இருபத்தாறு பேருக்குத் தூக்கு. மறு வருஷம் உச்ச நீதிமன்றம் அதில் பத்தொன்பது பேரை வெளியே விட்டது. அவள் மகன் பேரறிவாளனுக்குக் கயிறு அப்படியே இருந்தது. 2011 செப்டம்பர் 9 என்று நாள் குறித்தார்கள். அந்த ஆகஸ்ட் 28ஆம் தேதி காஞ்சிபுரத்தில் அந்தத் தூக்கை எதிர்த்துச் செங்கொடி என்ற பெண் தன்னையே எரித்துக்கொண்டாள். அப்படி யாரும் சாகக் கூடாது என்றுதானே இத்தனை பேரும் பேசிக்கொண்டிருக்கிறோம், மகளே! இரண்டு நாள் கழித்து உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. 2013இல், வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதை நான் எழுதாமல் விட்டேன் என்றார். ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக ஒரு உயிர் போயிருக்கும்.

உங்கள் வீட்டில் நடந்தால் இப்படிப் பேசுவீர்களா என்று அடுத்து வருகிறவர் கேட்பார். கணவரைப் பறிகொடுத்த சோனியா காந்தியே, அதே வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட நளினியின் உயிருக்காகக் கருணை கேட்டார். 2000இல் அந்தத் தூக்கு குறைந்தது. 2008இல் அப்பாவைப் பறிகொடுத்த மகள் பிரியங்கா வேலூர் சிறைக்கே வந்து நளினியைப் பார்த்தார். ஸ்ரீபெரும்புதூரில் செத்த மற்றவர்களின் குடும்பங்களில் சிலர் விடுதலையை எதிர்த்தார்கள், அதுவும் எனக்குத் தெரியும். அவர்கள் கண்ணீருக்கு முன்னால் நான் வாதாட மாட்டேன்.

ஆனால் அற்புதம்மாள் வேலூர் சிறை வாசலுக்கும் சென்னைக்கும் தில்லிக்கும் முப்பத்தொரு வருஷம் அலைந்தாள் ஐயா. நடுத்தர வயதில் நடக்கத் தொடங்கியவள் முதுமை வந்தும் நிற்கவில்லை. 2022 மே 18ஆம் தேதி மகன் வெளியே வந்தார். மரண தண்டனையே தேவையில்லை என்று அன்றைக்கே சொன்னார். அவர் தனக்காக மட்டும் பேசவில்லை.

இந்தக் கூட்டத்தில் எத்தனை தாய்மார்கள் இருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். இன்னும் தூக்குங்கள், நடுவர் பார்க்கட்டும். ஐயா, தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் இந்தக் கைகளைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எங்கள் அணிக்குச் சாதகமாக எழுத வேண்டும் என்று உங்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.