மைக் வாங்கும் முன் பீரோவைத் திறங்கள்

[காட்சி: சாமான் இல்லாத ஹால். மொசைக் தரை, நடுவில் ஒரு நாற்காலி.]

வணக்கம். வீட்டிலிருந்தே பாட்காஸ்ட், அதாவது போனில் கேட்கும் தொடர் ஒலி நிகழ்ச்சி, தொடங்குவது எப்படி என்று பார்ப்போம். ஹெட்ஃபோன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். இந்த வீடியோவில் பார்ப்பதைவிடக் கேட்க வேண்டியதுதான் அதிகம்.

இப்போது என் குரல் எப்படி இருக்கிறது? பந்தி முடிந்து காலியான கல்யாண மண்டபத்தில் யாரோ பேசுவது போல இல்லையா? கையில் இருப்பது நல்ல மைக்தான். மாசக்கணக்கில் யோசித்து வாங்கியது. கீழே மொசைக், சுற்றிலும் வெறும் சுவர், மேலே கான்கிரீட். மூன்றும் சேர்ந்து குரலைத் திருப்பி அடிக்கின்றன.

[காட்சி: படுக்கையறை. திறந்த பீரோ, தொங்கும் புடவைகள், பின்னால் கட்டில், மெத்தை.]

அதே மைக், அதே ஆள். பீரோவைத் திறந்து வைத்துவிட்டுப் புடவைகளைப் பார்த்தபடி பேசுகிறேன். எதிரொலி எங்கே போயிற்று? துணி குடித்துவிட்டது. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

அடுத்தது தூரம். மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறேன். இப்போது அரைச் சாண். தூரம் பாதியானால், வாயிலிருந்து நேராக மைக்கில் விழும் குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடும். அறையின் எதிரொலி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். கிட்டே போனால் அறை காணாமல் போவது இதனால்தான். ஆனால் நேருக்கு நேர் பேசினால் இப்படி ஆகும்: "பம்பரம்." கேட்டதா, அந்தக் காற்று? மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்புங்கள். "பம்பரம்." சரியாகிவிட்டது.

அப்புறம், ஃபேன். மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசுவது தவம்தான், வேறு வழியில்லை. நான் விடியற்காலை ஐந்து மணிக்கு உட்கார்கிறேன். அந்த நேரத்தில் குக்கர் விசில் இல்லை, கீரைக்காரர் குரல் இல்லை. பேசத் தொடங்கும் முன் பத்து விநாடி சும்மா இருந்து, அந்த அமைதியையும் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அந்தப் பத்து விநாடியைக் காட்டி, 'இதுதான் இரைச்சல், எடுத்துவிடு' என்று சொல்லலாம். அளவாகச் செய்யுங்கள். மிஞ்சினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும்.

அதே மென்பொருளில் ஒலியின் அளவை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ்ஸில் (காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதற்கான அளவு) வையுங்கள். ஆப்பிள் தன் பாட்காஸ்ட்டுகளுக்குப் பரிந்துரைக்கும் அளவு அது. பஸ்ஸில் கேட்பவர் ஒவ்வொரு எபிசோடுக்கும் வால்யூமைக் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்காது. வெறும் பேச்சு என்றால் மோனோவில், அதாவது ஒற்றைத் தடத்தில், விநாடிக்கு 64 கிலோபிட் (கேபிபிஎஸ்) எம்பி3 போதும். அரை மணி நேரத்துக்குச் சுமார் 14 எம்பிதான். கேட்பவரின் டேட்டாவும் மிச்சம்.

[காட்சி: திரையில் ஒரு எழுத்துக் கோப்பு. தலைப்பு, தேதி, எம்பி3 முகவரி ஆகியவை ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

இனிச் சொல்வதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு நொந்துகொள்கிறார்கள். நானும் நொந்தவன்தான்.

ஆர்எஸ்எஸ் ஃபீட். பெயர்தான் பயமுறுத்துகிறது. உள்ளே பார்த்தால் ஒரு பட்டியல்: எபிசோடின் தலைப்பு, தேதி, ஒலிக்கோப்பு இருக்கும் முகவரி. ஆப்பிளோ மற்ற செயலிகளோ உங்கள் பட்டியலை அவ்வப்போது எட்டிப் பார்த்துவிட்டு, புதிதாக ஒன்று வந்திருந்தால் கேட்பவரின் போனில் சேர்க்கின்றன. பத்திரிகைச் சந்தா மாதிரி. 2000இல் டேவ் வைனர் என்ற அமெரிக்க மென்பொருள் வல்லுநர் இந்தப் பட்டியலில் ஒலிக்கோப்பை இணைக்க வழி செய்தார். 'பாட்காஸ்டிங்' என்ற சொல்லை 2004இல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் பத்திரிகையாளர் பென் ஹேமர்ஸ்லி எழுதினார். 2005இல் ஆப்பிள் தன் இசை மென்பொருளான ஐட்யூன்ஸுக்குள் பாட்காஸ்ட்டைக் கொண்டுவந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அடியில் ஓடுவது அதே பட்டியல்தான்.

2024இல் கூகுள் தன் பாட்காஸ்ட் செயலியை மூடியது. அதில் இருந்த நிகழ்ச்சிகள் அதோடு அழிந்துவிடவில்லை. ஃபீட் வேறிடத்தில் இருந்ததால் கேட்பவர்கள் இன்னொரு செயலிக்கு மாறிக்கொண்டார்கள். செயலி கடை மாதிரி. சரக்கு உங்கள் கிடங்கில் இருக்கிறது.

ஆகவே ஹோஸ்டிங், அதாவது உங்கள் ஒலிக்கோப்பையும் ஃபீட்டையும் இணையத்தில் வைத்திருக்கும் சேவை, எடுக்கும்போது, இலவசமோ காசோ, இரண்டு கேள்வி கேளுங்கள். ஃபீட் முகவரியை என்னிடம் தருவீர்களா? நாளைக்கு நான் வேறிடம் போனால், பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதியதற்குத் திருப்பிவிடுவீர்களா? என் முதல் ஹோஸ்டிங்கில், பெயர் வேண்டாம், இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்பது பதில். கிளம்பும் நாளில்தான் எனக்கு அது தெரிந்தது. வீட்டைக் காலி செய்தேன், தபால்காரருக்குப் புது விலாசம் போகவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நான் நிறுத்திவிட்டேன் என்றே நினைத்தார்கள்.

[காட்சி: போன் திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் அட்டைப்படம்.]

எதைப் பற்றிப் பேசுவது? 'சமையல்' என்று தொடங்கினால் கூட்டத்தில் ஒருவர். 'ஹாஸ்டல் அறையில் இண்டக்‌ஷன் அடுப்பில் சமைப்பது' என்றால், யார் கேட்பார்கள் என்று அந்த வரியே சொல்லிவிடும். உட்கார்ந்து பத்துத் தலைப்பு எழுதிப் பாருங்கள். ஆறிலேயே பேனா நின்றால் விஷயத்தை மாற்றுங்கள். மூன்று எபிசோடுகளைக் கையில் வைத்துக்கொண்டு வெளியிடத் தொடங்குவது நல்லது, ஜலதோஷம் பிடிக்கும் வாரமும் வரும். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரம். ஆனால் பார்ப்பவருக்குத் தெரிவது இந்த நகம் அளவுதான். மூன்று நான்கு சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டாம், உரிமை உங்களுடையது அல்ல.

சரி, ஆள் சேர்ப்பது. 'எபிசோட் 7' என்று தலைப்பு வைத்தால் யார் தேடி வருவார்கள்? 'இண்டக்‌ஷனில் தோசை ஏன் ஒட்டுகிறது?' என்று வையுங்கள். விவரக் குறிப்பைத் தமிழ் எழுத்திலும் எழுதுங்கள், ஆங்கில எழுத்தில் தமிழாகவும் எழுதுங்கள். நம்மவர்கள் இரண்டு விதமாகவும் தேடுகிறார்கள். முழு எபிசோடின் லிங்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் சித்தப்பா கட்டைவிரல் காட்டுவார், கேட்கமாட்டார். முப்பது விநாடித் துண்டு ஒன்றை, அது தேவைப்படும் ஒரே ஒருவருக்கு அனுப்பினால் கேட்பார், நாலு பேருக்குத் தள்ளியும் விடுவார். உங்கள் விஷயத்துக்குப் பக்கத்து விஷயம் பேசுபவரின் நிகழ்ச்சிக்கு விருந்தாளியாகப் போவதை நான் விளம்பரத்தைவிட நம்புகிறேன். அங்கே இருப்பவர்கள் ஏற்கெனவே பாட்காஸ்ட் கேட்டுப் பழகியவர்கள்.

ஆப்பிளும் ஸ்பாட்டிஃபையும் கேட்பவர்கள் எந்த இடத்தில் எழுந்து போனார்கள் என்பதைக் கோடு போட்டுக் காட்டும். மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு அந்தக் கோட்டைப் பாருங்கள். என் கோடு தொடக்கத்திலேயே செங்குத்தாக விழுந்தது. போய்க் கேட்டால், இசை, வணக்கம், நான் யார், எப்படி இதற்கு வந்தேன்... தலைப்பில் சொன்ன தோசை வர மூன்று நிமிடம் ஆனது. இப்போது முதல் வாக்கியத்திலேயே தோசைக்கல் சுட்டுவிடும்.

பணமா? முதல் ஆண்டில் மைக் காசு திரும்பி வந்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

[ஒலி: சுவிட்ச் தட்டும் சத்தம். மெல்ல வேகமெடுக்கும் மின்விசிறி.]

பதிவு முடிந்தது. இனி ஃபேனைப் போட்டுக்கொள்ளலாம்.