காலி வீட்டுக்கு யாரு குடி வரப் போறாங்க

(பெரம்பூர்ல ஒரு சர்ச் ஹால்ல லெந்து கால சாயங்காலக் கூட்டத்துல பேசினது. சில பேரு எழுதித் தாங்கன்னு கேட்டதால பேசின மாதிரியே எழுதியிருக்கேன்.)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்கு கேக்குதா? ஃபேன் சத்தம் ஜாஸ்தியா இருக்கு, கேக்கலன்னா கைய தூக்குங்க, மைக்க கிட்ட வச்சுக்கறேன்.

ஆயர் ஐயா எனக்கு குடுத்த தலைப்பு, மனசுல இருக்கிற குப்பைய எப்படி வெளிய எடுக்கிறது, விசுவாசம் அதுக்கு எப்படி உதவும், பாசிட்டிவ் திங்கிங்னு சொல்றாங்களே அதுக்கும் விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம். நான் ஊழியக்காரன் இல்லீங்க, இருபது வருஷத்துக்கு மேல அக்கவுன்ட்ஸ்ல வேலை பாத்தவன். எனக்கு நடந்தத வச்சு தான் பேச முடியும், அதுல இருந்தே ஆரம்பிக்கறேன்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி, நாங்க சைதாப்பேட்டையில அடையாறு பக்கத்துல கிரவுண்ட் ஃப்ளோர்ல இருந்தோம். செம்பரம்பாக்கம் ஏரி தண்ணி ஆத்துல வந்து ஊருக்குள்ள ஏறினது உங்க எல்லாருக்கும் தெரியும். அம்மாவ தூக்கிக்கிட்டு மாடிக்கு ஓடினோம். தண்ணி வடிஞ்சு கீழ வந்து பாத்தா வீடு முழுக்க சேறு, மெத்தை போச்சு, பீரோ கதவு திறக்கல, பையனோட புக்ஸ், எங்க கல்யாண ஆல்பம், அம்மாவோட பழைய பைபிள், எல்லாம் சேத்துக்குள்ள. எங்க தெருவுல வீட்டுக்கு வீடு வாசல்ல மெத்தைய குமிச்சு வச்சிருந்த காட்சிய இன்னும் என்னால மறக்க முடியல. நானும் என் மனைவியும் நாலு நாள் கழுவினோம், சேத்த வாரி வாரி கொட்டி, ப்ளீச்சிங் பவுடர் போட்டு, தரை தெரியற வரைக்கும் தேய்ச்சோம். ஆனா சுவரு ஈரமாவே இருந்துச்சு, அம்மாவுக்கு மூச்சு வாங்குச்சு, அதனால வீட்ட பூட்டிட்டு அம்பத்தூர்ல மச்சான் வீட்டுக்கு போயிட்டோம்.

ரெண்டு மாசம் கழிச்சு வந்து பூட்ட திறந்தோம். உள்ள எலி ஓடுது, கரப்பான் செவுத்துல ஏறுது, பாத்ரூம்ல பூரான், சமையல்கட்டு மூலையில ஒரு பூனை குட்டி போட்டு வச்சிருக்கு. என் மனைவி வாசப்படியிலயே உக்காந்து அழுதுட்டா. "இவ்ளோ சுத்தமா கழுவிட்டு தானே போனோம்"னு அவ திரும்பத் திரும்ப சொன்னது எனக்கு இன்னும் காதுல கேக்குது.

அன்னிக்கு எனக்கு பெருசா ஒண்ணும் தோணல, மறுபடி கழுவினோம், அவ்ளோ தான். ரெண்டு வருஷம் கழிச்சு மத்தேயு 12ஆம் அதிகாரம் படிக்கும்போது அந்த வீடு அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு. இயேசு சொல்றாரு, ஒரு அசுத்த ஆவி ஒரு மனுஷன விட்டு போகுது, எங்கயும் இளைப்பாற இடம் கிடைக்கல, சரி விட்டுட்டு வந்த வீட்டுக்கே போவோம்னு திரும்பி வந்து பாக்குது, வீடு பெருக்கி ஜோடிச்சு இருக்கு, ஆனா வெறுமையா இருக்கு. உடனே போய் தன்ன விட பொல்லாத ஏழு ஆவிகள கூட்டிக்கிட்டு வந்து உள்ள குடியேறிடுது, அந்த மனுஷன் நிலைமை முன்ன இருந்தத விட கேடா போயிடுது. வீடு அழுக்கா இருந்துச்சுன்னு இயேசு சொல்லலைங்க. சுத்தமா தான் இருந்துச்சு, காலியா இருந்தது தான் பிரச்சனை. அந்த ஒரு வார்த்தையில எனக்கு என் வாழ்க்கையே புரிஞ்சுது, ஏன்னு சொல்றேன்.

அந்த சமயத்துல எனக்கு வேலை போயிருந்துச்சு. பதினெட்டு வருஷம் இருந்த கம்பெனி, ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டு லெட்டர் குடுத்துட்டாங்க. வயசு நாப்பத்தாறு. ராத்திரி தூக்கம் வரும், சரியா ரெண்டரை மணிக்கு முழிப்பு வந்துடும், வந்தா அதுக்கப்புறம் தலைக்குள்ள கோயம்பேடு மார்க்கெட் தான். ஹவுஸிங் லோன் தவணை, பையன் காலேஜ் ஃபீஸ், மச்சான் நம்மள பத்தி என்ன நினைப்பாரு, சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு போனா என்ன பதில் சொல்றது, இது போதாதுன்னு பதினைஞ்சு வருஷம் முன்னாடி எங்கப்பா கோவத்துல சொன்ன ஒரு வார்த்தை, செத்துப்போனவரு சொன்ன வார்த்தை, அது கூட வரிசையில வந்து நிக்கும்.

அப்ப ஒரு ஃப்ரெண்டு சொன்னான், நெகட்டிவா நினைக்காதடா, மனச காலி பண்ணு, நல்லதே நடக்கும்னு தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லு. நான் உண்மையாவே செஞ்சேங்க, ஒரு மாசம் செஞ்சேன். கெட்ட நினைப்பு வந்தா போ போன்னு தள்ளுவேன், அது பின் வாசல் வழியா திரும்ப வரும்.

ஏன் அப்படி ஆகுதுன்னு நம்ம ஊரு பெரியவங்களுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு. மருந்து குடிக்கும்போது குரங்க நினைக்காதேன்னு ஒருத்தன்கிட்ட சொன்னா, அவனுக்கு குரங்கு தவிர வேற எதுவும் ஞாபகம் வராது. இதையே அமெரிக்காவுல டேனியல் வெக்னர்னு ஒரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 1987ல சோதனை பண்ணி பாத்திருக்காரு. காலேஜ் பசங்கள உக்கார வச்சு அஞ்சு நிமிஷம் வெள்ளைக் கரடிய நினைக்காதீங்க, நினைச்சா மணி அடிங்கன்னு சொன்னாரு, அவங்க அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் இப்ப நினைக்கலாம்னு விட்டதும், ஆரம்பத்துல இருந்தே நினைக்க விட்டவங்கள விட, அடக்கி வச்சவங்களுக்கு தான் கரடி அதிகமா வந்துச்சு. அதே ஆராய்ச்சியில இன்னொரு விஷயமும் இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது அது தான். வேற கொஞ்சம் பேருகிட்ட, கரடி ஞாபகம் வந்தா அதுக்கு பதிலா ஒரு சிகப்பு ஃபோக்ஸ்வேகன் கார நினைச்சுக்கோங்கன்னு ஒரே ஒரு பொருள குறிப்பா குடுத்தாரு. அவங்களுக்கு கரடி அந்த அளவுக்கு திரும்பி வரல.

அதாவது தள்ளிவிட்டா போகாது, அந்த இடத்துல உக்கார ஒரு ஆள் வேணும். பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது இத தான் செய்றாரு. நாலாம் அதிகாரம் 6ஆம் வசனத்துல ஒன்றுக்கும் கவலைப்படாமல்னு ஆரம்பிக்கிறாரு, அதோட நிறுத்திட்டிருந்தா அது என் ஃப்ரெண்டு சொன்ன அட்வைஸ் மாதிரி ஆகியிருக்கும். உடனே, எல்லாத்தையும் ஸ்தோத்திரத்தோட ஜெபத்துல தேவனுக்கு சொல்லுங்கங்கறாரு, 8ஆம் வசனத்துல எதையெல்லாம் சிந்திக்கணும்னு ஒரு பட்டியலே போடறாரு. அதுக்கு நடுவுல 7ஆம் வசனத்துல, தேவசமாதானம் உங்க இருதயத்தையும் சிந்தையையும் காத்துக்கொள்ளும்னு வருது. காத்துக்கொள்ளும்ங்கறதுக்கு கிரேக்கத்துல இருக்கிற சொல்லு கோட்டைய காவல் காக்கிற படைக்கு சொல்ற சொல்லு. இத எழுதினவரு காவலர் நடுவுல கைதியா இருந்துக்கிட்டு எழுதறாரு, காவல்னா என்னன்னு அவருக்கு தெரியும்.

அந்த பட்டியல்ல முதல்ல எது வருதுன்னு பாத்திருக்கீங்களா? "உண்மையுள்ளவைகளெவைகளோ". சந்தோஷமானது எதுவோன்னு ஆரம்பிக்கல, உண்மையானது எதுவோன்னு ஆரம்பிக்கிறாரு. இங்க தான் எனக்கு தெரிஞ்சு வெறும் பாசிட்டிவ் திங்கிங்கும் விசுவாசமும் பிரியுது. லோன் மூணு மாசம் கட்டலன்னா, எல்லாம் சூப்பரா இருக்குன்னு சொல்றது பொய், பொய்ய வச்சு மனச நிரப்பினா அதுவும் குப்பை தான். ஆனா "நான் ஒண்ணுத்துக்கும் உதவாதவன்" அப்படின்னு ரெண்டரை மணிக்கு வர்ற நினைப்பும் பொய் தானே? அத மட்டும் ஏன் நாம உடனே நம்பிடறோம்?

ராத்திரி அண்ணா சாலையில பைக்ல போனா போலீஸ் நிறுத்தி, எங்கேர்ந்து வர்ற, எங்க போற, லைசன்ஸ் காட்டுன்னு கேப்பாங்க இல்ல, அந்த மாதிரி கேக்கணும். எந்த எண்ணத்தையும் கிறிஸ்துவுக்கு கீழ்ப்படியச் சிறைப்படுத்துறோம்னு ரெண்டாம் கொரிந்தியர் 10ல வர்றத நான் அப்படித்தான் புரிஞ்சுக்கறேன். நீ எங்கேர்ந்து வர்ற, உனக்கு என்ன ஆதாரம்? "நான் உதவாதவன்"ங்கற நினைப்ப நிறுத்தி கேட்டேன். பதினெட்டு வருஷம் ஒரு கணக்கு தப்பாம எழுதினவன் எப்படி உதவாதவன்? எனக்காக ஒருத்தர் ரத்தம் சிந்தியிருக்காருன்னு ஞாயித்துக்கிழமை தவறாம பாடறேனே, அது உண்மைன்னா இந்த நினைப்பு எப்படி உண்மையா இருக்கும்? 1960கள்ல ஆரன் பெக்னு ஒரு டாக்டர், டிப்ரஷன்ல இருக்கிறவங்களுக்கு தன்னால வந்து போற இந்த எண்ணங்கள பிடிச்சு, ஆதாரம் கேட்டு சரி பண்ற சிகிச்சைய உருவாக்கினாரு, இன்னிக்கு கவுன்சிலிங்ல அது பெரிய முறை. படிக்கும்போது எனக்கு சந்தோஷமா இருந்துச்சு.

சரி, உண்மைய பேசணும்னா சந்தேகத்தையும் பேசணும். நாம சென்னைக்காரங்க, தோமா அப்போஸ்தலரோட ஊருக்காரங்க. கி.பி. 52ல இந்தியாவுக்கு வந்து, சின்னமலை குகையில இருந்து, பரங்கிமலையில ரத்தசாட்சியா மரிச்சாருன்னு மரபு சொல்லுது, எங்க பழைய வீட்டுல இருந்து சின்னமலை நடக்கிற தூரம் தான். அவர சந்தேக தோமான்னு சொல்லி சின்ன வயசுல இருந்து மட்டம் தட்டறோம், எனக்கு அதுல உடன்பாடு இல்லைங்க. அவரு மனசுல இருந்தத உள்ள போட்டு புதைக்கல, இயேசு உயிரோட எழுந்துட்டாருன்னு மத்த சீஷருங்க சொன்னப்ப, அவரு காயத்த பாத்து கை வச்சா தான் நம்புவேன்னு எல்லாரு முன்னாடியும் சொன்னாரு. சொல்லிட்டு வெளிய போயிடல, எட்டு நாள் கழிச்சும் அதே கூட்டத்துல தான் இருந்தாரு. இயேசு வந்து திட்டினாரா? கைய நீட்டுன்னாரு. உள்ள இருக்கிற குழப்பத்த வாய் விட்டு சொல்றவனுக்கு ஆண்டவர் காயத்த காட்டறாரு. நாம ஜெபத்துல அழகான வார்த்தைய மட்டும் தேடிக்கிட்டு, நிஜ கவலைய பையில கட்டி வீட்டுக்கே திரும்ப எடுத்துட்டு போறோம்.

இன்னொண்ணு, இத சொல்லாம இறங்க மாட்டேன். தூக்கமே இல்ல, சாப்பாடு இறங்கல, செத்துடலாம்னு தோணுதுன்னு யாராவது சொன்னா, உனக்கு விசுவாசம் பத்தலன்னு தயவு செஞ்சு சொல்லாதீங்க. ஒன்று இராஜாக்கள் 19ல எலியா தீர்க்கதரிசி சூரைச்செடி கீழ படுத்துக்கிட்டு, போதும் கர்த்தாவே என் உயிர எடுத்துக்கோன்னு கேக்கிறாரு. தூதன் வந்து பிரசங்கம் பண்ணலைங்க. தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடுன்னான், தணல்ல சுட்ட அடையும் தண்ணியும் இருந்துச்சு, சாப்பிட்டு திரும்ப தூங்கிட்டாரு, மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. ஆண்டவரோட மெல்லிய சத்தம் அதுக்கு அப்புறம் தான், நாப்பது நாள் நடந்து போனதுக்கு அப்புறம். நம்ம ஊருல ஒருத்தன கிண்டல் பண்ணணும்னா கீழ்ப்பாக்கம் கேஸுன்னு சொல்றோமே, அந்த மனநல ஆஸ்பத்திரி 1794ல இருந்து இந்த ஊரு ஜனங்கள தாங்கிக்கிட்டு இருக்கிற இடம். அந்த வார்த்தைய நம்ம வீட்டுல இருந்து எடுத்துடுவோம். நானும் ஒரு டாக்டர போய் பாத்தேன், ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டேன், ஜெபமும் பண்ணேன், ரெண்டும் ஆண்டவர் கையில இருந்து வந்ததுன்னு நம்பறேன். யாருக்காவது ராத்திரி தாங்க முடியலன்னா 14416னு டெலிமானஸ், அதாவது அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் இருக்கு, காசு கிடையாது, தமிழ்ல பேசலாம். எழுதி வச்சுக்கோங்க, உங்களுக்கு இல்லன்னாலும் பக்கத்து வீட்டுக்கு.

எங்கம்மாவ பத்தி சொல்லி முடிச்சுக்கறேன். அவங்க போனதுக்கு அப்புறம் தலைமாட்டுல ஒரு நோட்டு கிடைச்சுது, அம்பது பைசா தமிழ் தான் எழுதுவாங்க, எழுத்து கோணல் மாணலா இருக்கும். தினமும் தேதி போட்டு ரெண்டு வரி, மூணு வரி, கடைசியில ஸ்தோத்திரம். 2019ல ஏரியெல்லாம் வத்தி ஊரே குடத்தோட அலைஞ்சுது இல்ல, அந்த ஜூன் மாசத்துல ஒரு நாள், "லாரி வந்தது, ஏழு குடம், ஸ்தோத்திரம்". தண்ணி இல்லன்னு அவங்களுக்கு தெரியாதா என்ன, முட்டி வலியோட வரிசையில நின்னதே அவங்க தான். ஏழு குடம் கிடைச்சதும் உண்மை தானே, அந்த உண்மைய எழுதி வச்சிருக்காங்க. 2003ல எமன்ஸ், மெக்கல்லோனு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், வாரா வாரம் நன்றியான விஷயங்கள எழுதினவங்க, தொந்தரவுகள எழுதினவங்கள விட தங்க வாழ்க்கைய பத்தி நல்லா உணர்ந்தாங்கன்னு கண்டாங்க. எங்கம்மா அஞ்சாங்கிளாஸ், அவங்களுக்கு பவுல் சொன்னதே போதுமா இருந்துச்சு.

எனக்கு வேலை போன மாசத்து பக்கத்த தேடினேன். என்னமோ பெரிய ஜெபம் எழுதியிருப்பாங்கன்னு நினைச்சேன். "பையன் இன்னிக்கு ரெண்டு இட்லி கூட சாப்பிட்டான், ஸ்தோத்திரம்". அடுத்த நாள், "மூணு மணிக்கு மேல தூங்கினான், ஸ்தோத்திரம்". நான் ரெண்டரை மணிக்கு முழிச்சு கிடந்தப்ப அந்த ரூம்ல அவங்களும் முழிச்சுக்கிட்டு தான் இருந்திருக்காங்க.

உங்க சேர்ல ஆளுக்கு ஒரு துண்டு பேப்பர் வச்சிருக்கு, தம்பிங்க பேனா குடுப்பாங்க. ஒரு பக்கம் உங்கள தூங்க விடாத ஒரே ஒரு கவலைய எழுதுங்க, அழகா வேணாம், தோமா மாதிரி உள்ளத உள்ளபடி. திருப்பி இன்னிக்கு நடந்த ஒரு உண்மையான நல்லது எழுதுங்க, சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. யாரும் வாங்க மாட்டோம், யாரும் படிக்க மாட்டோம், வீட்டுக்கு கொண்டு போய் பைபிள்ல வைங்க. கீபோர்டு வேணாம் தம்பி, அஞ்சு நிமிஷம் அமைதியாவே இருக்கட்டும்.