வீல்சேரில் இருக்கும் தாய்க்கு எந்தத் தொட்டில் சரிவரும்?

அடுத்த கேள்வி, உசிலம்பட்டி பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியது. விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய், நாலு வருஷமாக வீல்சேரில் இருக்கிறார். இப்போது ஏழு மாதக் கர்ப்பம். "அக்கா, எந்தத் தொட்டில், எந்த பெல்ட் வாங்கணும்? பிள்ளையை நீ தூக்கவே வேண்டாம், நாங்க பார்த்துக்கிறோம்னு அத்தை சொல்றாங்க. எனக்கு அழுகையா வருது" என்று எழுதியிருக்கிறார்.

முதலில் அழுகைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நானும் இதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துதான் என் மகனை வளர்த்தேன். இப்போது அவன் இரண்டாம் வகுப்பு. அத்தை பயந்து சொல்கிறார், அதில் தப்பில்லை. சமையல், துணி, வெந்நீர் எல்லாம் அவர் பார்க்கட்டும். பால் கொடுப்பதும் உறங்க வைப்பதும் உங்கள் கையில் இருக்கட்டும். பிள்ளை யார் கையில் அமைதியாகிறதோ அவரைத்தான் தேடும்.

சரி, தொட்டில். கடைக்குப் போவதற்கு முன்னால் இஞ்சி டேப்பை எடுங்கள். உங்கள் வீல்சேரிலேயே உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்கால் மேல்பக்கம் வரை அளந்து பாருங்கள். எனக்கு 25 அங்குலம் வந்தது. தொட்டிலின் அடிப்பலகை அதைவிட இரண்டு விரல் உயரத்தில் இருந்தால் போதும். முழங்கால் உள்ளே போய்விடும், மெத்தை மடிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அப்போது பிள்ளையைத் தூக்க வேண்டியதில்லை, மடிக்கு நகர்த்தினால் போதும். நம் கைக்கு இருக்கிற பலத்தை இதில்தான் மிச்சம் பிடிக்க முடியும்.

கடைத் தொட்டில்களில் முன்பக்க அடைப்புக்கு மேலே எட்டித்தான் பிள்ளையை எடுக்க வேண்டும். அதனால் நான் ஆசாரியிடம் செய்யச் சொன்னேன். முதலில் அவர் கதவைக் கீழ்நோக்கி இறங்குகிற மாதிரி வைத்துவிட்டார். திறந்ததும் நேராக என் முழங்காலில் வந்து இடித்தது. எனக்கு வலி தெரியாது. மறுநாள் கன்றிப் போயிருந்ததைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அப்புறம் ஜன்னல் கதவு மாதிரி பக்கவாட்டில் திறக்க வைத்து, பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் இரண்டு கொண்டி போட்டார். கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1982-இல் தொடங்கிய 'த்ரூ தி லுக்கிங் கிளாஸ்' என்ற அமைப்பு மாற்றுத்திறனாளிப் பெற்றோருக்காக இப்படிக் குழந்தைச் சாமான்களை மாற்றி வடிவமைத்திருக்கிறது. நம்ம ஊர் ஆசாரிக்கும் இது பெரிய வேலை இல்லை. கம்பிகளுக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. மெத்தைக்கு மேல் அடைப்பு 2 அடிக்குக் குறையக் கூடாது, பிள்ளை எழுந்து நிற்கும். மெத்தை இறுக்கமாக இருக்கட்டும், தலையணை வேண்டாம், மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

வீட்டில் கட்டாயம் சேலையில் தூளி கட்டுவார்கள். ஆசை, மறுக்க மனசு வராது. ஆனால் தூளி தொய்ந்து போகும். தாடை நெஞ்சில் படிந்தால் பிஞ்சுக்கு மூச்சு முட்டும். குழிக்குள்ளிருந்து உட்கார்ந்தபடி எடுப்பதும் நமக்கு ஆகாது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது கொஞ்ச நேரம் ஆட்டட்டும், ராத்திரிக்குத் தொட்டில்தான்.

பெல்ட் விஷயத்தில் கவனமாகக் கேளுங்கள். மடியில் உணர்வு இல்லை என்றால் பிள்ளை சரிவது நமக்குத் தெரியாது. அதனால் வீட்டுக்குள் நகர்ந்தாலும் பெல்ட் போட வேண்டும். மதுரைப் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன தையல்காரர்களில் ஒருவரிடம் நான் தைத்தேன்: அகலமான பருத்திப் பட்டை, உள்பக்கம் மெத்தென்று, என் இடுப்பையும் பிள்ளையையும் சேர்த்துப் பிடிக்கும், ஒரு கையால் போடலாம். வெல்க்ரோ மட்டும் போதாது, பக்கிளும் வேண்டும். பெல்ட் போட்டாலும் பிள்ளையின் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும். சூடான பால், வெந்நீர் எதையும் மடியில் வைக்கவே வைக்காதீர்கள். உங்கள் தொடை வெந்தாலும் தெரியாது, பிள்ளை மேலும் கொட்டும். எண்ணெய் தேய்த்த பிள்ளையை ஒரு துண்டில் சுற்றின பிறகுதான் நகர்த்த வேண்டும்.

இன்னொன்று. 3 கிலோவில் பிறந்த பிள்ளை ஐந்து மாதத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு ஆகிவிடும். அதனால் எதை வாங்கினாலும் 9 கிலோவை நினைத்து வாங்குங்கள். தவழ ஆரம்பித்ததும் கொலுசு போட்டுவிடுங்கள், எந்த மூலையில் இருக்கிறது என்று சத்தம் சொல்லும். என் மகன் பத்தாம் மாதத்தில் ஃபுட்ரெஸ்டைப் பிடித்து நின்று இரண்டு கையையும் நீட்டுவான். அக்குளில் கை கொடுத்து ஏற்றிக்கொள்வேன். அப்படிக் குனியும் முன்னால் பிரேக்கைப் போட்டு, சின்னச் சக்கரங்களை முன்பக்கம் பார்க்கத் திருப்பிக்கொள்ளுங்கள், நாற்காலி கவிழாது. அரைஞாண் கயிற்றைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

உதவி கேட்கக் கூச்சப்படாதீர்கள். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிப் பெண்கள் பிள்ளை வளர்ப்பதற்கான உதவியையும் சேர்த்தே பேசுகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்துக் கேளுங்கள்.

ஆசாரியிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். தொட்டில் வந்ததும் 3 கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி, தொட்டிலிலிருந்து மடிக்கு, மடியிலிருந்து தொட்டிலுக்கு, தினமும் பத்துத் தடவை நகர்த்திப் பாருங்கள். அத்தையையும் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள், அவர் பார்க்கட்டும்.