ஃபேனி லூ ஹேமர் கேட்ட கேள்வி

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவுல கறுப்பின மக்களோட சமத்துவப் போராட்டம்னாலே மார்ட்டின் லூதர் கிங்கோட 1963 வாஷிங்டன் பேச்சுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும், அது வரவேண்டியதுதான், ஆனா நான் இன்னைக்கு பேச வந்தது அதுக்கு அடுத்த வருஷம் ஆகஸ்ட் 22ஆம் தேதி அட்லாண்டிக் சிட்டியில ஃபேனி லூ ஹேமர் பேசின பேச்சைப் பத்தி. இவங்க மிசிசிப்பி மாநிலத்துல பருத்திக்காட்டு வாரக்குடித்தனக் குடும்பம், 20 பிள்ளைங்கள்ல கடைக்குட்டி.

அட்லாண்டிக் சிட்டியில நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு மிசிசிப்பில இருந்து வெள்ளையர்களை மட்டுமே பிரதிநிதியா அனுப்பியிருந்தாங்க, அதை எதிர்த்து முறையிடத்தான் இவங்க, யாரைப் பிரதிநிதியா ஏத்துக்கறதுன்னு முடிவு பண்ற கமிட்டி முன்னாடி உக்காந்தாங்க. முதல்ல பேரைச் சொன்னாங்க, அடுத்து வீட்டு அட்ரஸை கதவு நம்பரோட சொன்னாங்க. ஓட்டர் லிஸ்ட்ல பேர் சேர்க்கப் போனதுக்காக இவங்களைக் குறிவச்சு, தங்கியிருந்த வீட்டுமேல 16 தடவை சுட்டிருக்காங்க, அப்படிப்பட்டவங்க டிவி கேமரா முன்னாடி அட்ரஸ் சொல்றாங்கன்னா அந்த தைரியத்தை யோசிச்சுப் பாருங்க!

1962ல அப்படிப் பேர் சேர்க்கத்தான் இவங்களோட சேர்த்து 18 பேர் 26 மைல் பஸ்ல போயிருக்காங்க, திரும்பி வர்றப்ப போலீஸ் மறிச்சு பஸ்ஸோட கலர் தப்புன்னு டிரைவர் மேல கேஸ் போட்டிருக்காங்க. 18 வருஷம் வேலை பார்த்த தோட்டத்து முதலாளி, மனுவை வாபஸ் வாங்கு இல்லன்னா வெளிய போன்னு சொல்ல, நான் உங்களுக்காகப் பேர் குடுக்கல, எனக்காகத்தான் குடுத்தேன்னு சொல்லிட்டு அன்னைக்கு ராத்திரியே வெளிய வந்துட்டாங்க. அப்புறம் 1963 ஜூன்ல வினோனா ஜெயில்ல, போலீஸ்காரங்க ரெண்டு கறுப்பினக் கைதிங்க கையிலயே தடியைக் குடுத்து இவங்களை அடிக்க வச்சது, அந்த இடம் எனக்கு எப்பப் படிச்சாலும் நெஞ்சு பதறும்.

உயிருக்கு மிரட்டல் வந்துட்டே இருக்கறதால போன் ரிசீவரைக் கீழ எடுத்து வச்சுட்டுத் தூங்க வேண்டியிருக்கு, இதுதான் சுதந்திர பூமி அமெரிக்காவான்னு கடைசியில கேட்டாங்க.

அவங்க பேசிட்டிருக்கும்போதே ஜனாதிபதி ஜான்சன் அவசரமா பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டதால டிவி நேரலை அங்க திரும்பிடுச்சு, ஆனா அன்னைக்கு ராத்திரி நியூஸ்ல அந்தப் பேச்சையே போட்டாங்க, நாடே பார்த்துச்சு. சமரசமா மாநாட்டுல ரெண்டு சீட் தர்றோம்னு கட்சியில சொன்னாங்க, ரெண்டு சீட்டுக்காக இவ்வளவு தூரம் வரலன்னு மறுத்துட்டாங்க. 1965ல வாக்குரிமைச் சட்டம் வந்துச்சு, 1968 சிகாகோ மாநாட்டுல இவங்களே மிசிசிப்பி பிரதிநிதியா போய் உக்காந்தாங்க.