டி.டி.பி. தொழிலுக்கு லினக்ஸ்: பேஜ்மேக்கருக்கு மாற்று எது?

வணக்கம். நேயர் ஒருவர், தாம் சிறிய டி.டி.பி. (கணினிவழிப் பக்க வடிவமைப்பு) நிலையம் நடத்துவதாகவும், பேஜ்மேக்கர், கோரல் டிரா, போட்டோஷாப் ஆகிய மூன்றைக் கொண்டே அழைப்பிதழ்களையும் விழா மலர்களையும் வடிவமைப்பதாகவும் எழுதி, விண்டோஸை விட்டு லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறினால் இவற்றுக்கு மாற்றாக எந்தக் கட்டற்ற மென்பொருள்களை நிறுவ வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

பெயருக்குப் பெயர் சொல்வதென்றால், பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கருக்கு ஸ்கிரைபஸ், வடிவங்கள் வரையும் கோரல் டிராவுக்கு இங்க்ஸ்கேப், படம் திருத்தும் போட்டோஷாப்புக்கு கிம்ப் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் தமிழில் பக்கம் அமைப்பவருக்கு அந்த வரி போதாது. உங்கள் பழைய கோப்புகளில் தமிழ் எந்தக் குறியேற்றத்தில், அதாவது எழுத்துகளைக் கணினி சேமிக்கும் எந்த முறையில், இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை கணினியில் ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவுமே சேமிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குத் தமிழ் உருவம் தருவது அந்த எழுத்துரு மட்டுமே. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். ஒவ்வோர் எழுத்துக்கும் உலகப் பொதுவான எண் தரும் ஒருங்குறி (யூனிகோடு) முறையிலான தமிழை அதில் கையாள முடியாததால், நம் அச்சுத் தொழில் நெடுங்காலம் அந்தப் பழைய எழுத்துருக்களிலேயே நின்றுவிட்டது. லினக்ஸிலும் அதே எழுத்துருக்களை நிறுவித் தொடரலாம் என்றாலும், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மாறுகிற வேளையிலேயே ஒருங்குறிக்கு வந்துவிடுங்கள். எழுத்துரு மாற்றிகள் அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் பத்தியின் நடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழாக எண்ணி மாற்றிவிடக்கூடும் என்பதால், மாற்றிய உரையை ஒருமுறை மெய்ப்புப் பார்ப்பது கட்டாயம்.

ஸ்கிரைபஸில் தமிழ் உடையும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பழைய 1.4 வரிசையில் அது உண்மைதான். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வசதி 1.5.3 சோதனைப் பதிப்பில் சேர்க்கப்பட்டு, 2024 ஜனவரியில் வந்த 1.6 நிலையான பதிப்பில் எல்லோருக்கும் கிடைத்தது. ஆகவே நிறுவியவுடன் பதிப்பு எண்ணைப் பாருங்கள், 1.6க்குக் கீழே இருந்தால் அதில் தமிழ் வேலையைத் தொடங்காதீர்கள். அச்சகத்துக்குத் தேவையான நான்கு வண்ணப் பிரிப்பையும் அச்சுக்குரிய பி.டி.எஃப். கோப்பையும் ஸ்கிரைபஸே தந்துவிடுகிறது. நோட்டோ, முக்த மலர், மீரா இனிமை போன்ற கட்டற்ற தமிழ் எழுத்துருக்களை உரிமக் கட்டணம் இன்றி வணிகப் பணிகளில் பயன்படுத்தலாம்.

கிம்ப் அடிப்படையில் திரைக்குரிய மூவண்ண முறையில் இயங்குவது. படத்தைக் கிம்பில் திருத்தி, வண்ணப் பிரிப்பை ஸ்கிரைபஸிடம் விட்டுவிடுவதே நல்ல முறை. போட்டோஷாப் கோப்புகளைக் கிம்ப் திறக்கும். அடுக்குகள் வரும், ஆனால் சில விளைவுகள் குலைந்துவிடும். கோரல் டிரா கோப்புகளை இங்க்ஸ்கேப் ஓரளவே திறப்பதால், மீண்டும் தேவைப்படும் வடிவங்களைப் பழைய கணினியிலேயே எஸ்.வி.ஜி. என்ற வரைபடக் கோப்பாகவோ பி.டி.எஃப். ஆகவோ சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். லினக்ஸின் ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டு மென்பொருளில் தமிழ்99, தட்டச்சுப்பொறி முறை இரண்டும் உள்ளன. விரல் பழகிய முறையை மாற்றத் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப், கிம்ப் மூன்றும் விண்டோஸிலும் இயங்குபவை. எனவே இயங்குதளத்தை இப்போதே மாற்றாமல், இருக்கும் கணினியிலேயே இவற்றை நிறுவி, அவசரமில்லாத ஓர் அழைப்பிதழை முழுவதும் இவற்றிலேயே செய்து, அந்தப் பி.டி.எஃப். கோப்பை உங்கள் அச்சகத்தாரிடம் கொடுத்து ஒரு தாள் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வண்ணமும் எழுத்தும் சரியாக வந்த பிறகு லினக்ஸை நிறுவினால் போதும்.